4கே எஞ்சின் ஹெட்டில் பிளக் புரி போய்விட்டது: சுருள் இடுவதா, புஷ் போடுவதா?

கல்லடிக் கரையான்

அனைவருக்கும் வணக்கம். தந்தையார் வாங்கி ஓட்டிய டொயோட்டா கொரொல்லா டீ.எக்ஸ்., கே.ஈ.70 என்னிடம் இருக்கிறது. அதில் இருப்பது 1290 சி.சி. 4கே எஞ்சின். கடந்த வாரம் கல்முனைக்குப் போகும் வழியில் களுவாஞ்சிக்குடியைத் தாண்டியதும் பொனட்டுக்குள்ளிருந்து ‘சப், சப்’ என்று காற்று அடிக்கும் சத்தம் எழுந்தது, இழுவையும் விழுந்துவிட்டது. நிறுத்தித் திறந்து பார்த்தபோது 4ஆம் சிலிண்டரின் பிளக், ஹெட்டில் (சிலிண்டர்களை மேலே மூடும் அலுமினியப் பாகம்) உள்ள அதன் துளைக்குள் ஆடிக்கொண்டிருந்தது. விரலால் திருப்பினால் சுற்றிக்கொண்டே இருக்கிறதே தவிர எங்கும் பிடிக்கவில்லை. கழற்றியபோது அதன் புரிகளுக்கிடையே அலுமினியம் மெல்லிய கம்பிச் சுருளைப் போல ஒட்டிக்கொண்டு வந்தது.

இரண்டு வாரங்களுக்கு முன்னர்தான் ஒரு கராஜில் நான்கு பிளக்குகளையும் புதிதாக மாற்றியிருந்தேன். 4ஆவது பிளக் பாதி வழியில் இறுகியதாகவும், நீண்ட ஸ்பனர் கொண்டு திருப்பிய பின்னர் இறங்கிவிட்டதாகவும் அன்று அங்கே சொன்னார்கள். அதை நான் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. 2022இல் பெற்றோல் இல்லாத மாதங்களில் வாகனம் கொட்டகையிலேயே கிடந்தது என்பதையும், எங்கள் வீட்டுக்குக் கடற்காற்று நேரே வரும் என்பதையும் சேர்த்துச் சொல்லிவிடுகிறேன்.

இப்போது ஊரில் ஆளுக்கொரு யோசனை சொல்கிறார்கள். பிளக்கில் நூல் சுற்றி இறுக்கு என்கிறார் ஒருவர். ஆர்கன் வெல்டிங் செய்து துளையை அடைத்துப் புதிதாகப் புரி வெட்டு என்கிறார் இன்னொருவர். பழைய ஹெட் ஒன்றைத் தேடி வாங்கிப் பூட்டுவதே நல்லது என்கிறார் மூன்றாமவர். அனுபவமுள்ளவர்கள் வழி சொன்னால் நன்றியுடையவனாவேன்.

மூன்றுசில்லு ஓட்டுநர், களுவாஞ்சிக்குடி

அண்ணன், நூல் சுற்றும் வேலையை மட்டும் செய்ய வேண்டாம். என் பழைய டூ ஸ்ட்ரோக் முச்சக்கர வண்டியில் டெஃப்லோன் நாடா சுற்றிப் பார்த்தேன். அது ஒரு நாள் பிடித்தது. மறுநாள் பட்டிருப்புப் பாலத்தடியில் பிளக் வெளியே பாய்ந்தது. வயர் பிடித்திருந்தபடியால் யாருக்கும் காயமில்லை.

ஓய்வுபெற்ற போதனாசிரியர், மட்டக்களப்பு

யோசனை சொல்வதற்கு முன்னர் எனக்கு ஒரு விபரம் வேண்டும். கராஜில் கழற்றிய பழைய பிளக்குகள் உங்களிடம் இருக்கின்றனவா? இருந்தால் அவற்றின் வெள்ளைப் பீங்கானில் எழுதியிருக்கும் இலக்கத்தையும், புதிய பிளக்குகளின் இலக்கத்தையும் எழுதுங்கள். இரண்டையும் அருகருகே வைத்து, புரியுள்ள பகுதியின் நீளத்தை அளந்து சொல்லுங்கள்.

கல்லடிக் கரையான்

ஐயா, பழையவற்றைத் தகரப் பேணி ஒன்றில் போட்டு வைத்திருந்தேன். அவை என்.ஜி.கே. பி.பி.5எச்.எஸ்.; புதியவை பி.பி.5ஈ.எஸ். நீளத்தில் வித்தியாசம் இருப்பதை நீங்கள் கேட்ட பிறகுதான் கவனித்தேன். பழையதில் புரி ஏறத்தாழ 13 மி.மீ., புதியதில் 19 மி.மீ.

ஓய்வுபெற்ற போதனாசிரியர், மட்டக்களப்பு

நான் சந்தேகித்தது சரியாகிவிட்டது, தம்பி. என்.ஜி.கே. இலக்கத்தில் முதல் எழுத்து ‘பி’ என்றால் புரியின் விட்டம் 14 மி.மீ.; ‘டி’ என்றால் 12 மி.மீ.; ‘சி’ என்றால் 10 மி.மீ. வெப்ப எண்ணுக்கு (உங்களுடையதில் 5) பின்னால் வரும் எழுத்து நீளத்தைக் காட்டுகிறது. ‘எச்’ என்பது 12.7 மி.மீ., ‘ஈ’ என்பது 19 மி.மீ. உங்கள் ஹெட் நீளப் பிளக்குக்கு உரியது. யாரோ ஒருவர் ஒரு காலத்தில் கிடைத்ததை வாங்கிக் குட்டைப் பிளக்கைப் பூட்டிவிட்டார். வாகனமும் குறை சொல்லாமல் ஓடியிருக்கிறது. அதனால் எவரும் கண்டுகொள்ளவில்லை.

குட்டைப் பிளக் பூட்டிய ஹெட்டில், உள்பக்கத்தில் எஞ்சும் 6 மி.மீ. நீளப் புரிக்குள் ஆண்டுக்கணக்கில் கரி படிந்து கல்லைப் போலாகிவிடும். அந்தத் துளையில் நீளப் பிளக்கைத் திருப்பினால் முதல் 13 மி.மீ. வெண்ணெயாக இறங்கும், அதன் பின்னர் கரியில் முட்டி நிற்கும். அங்கே நிறுத்திக் கழற்றிக் கரியை எடுத்திருக்க வேண்டும். நீண்ட கைபிடியைப் போட்டு அழுத்தினால் பிளக்கின் உருக்குப் புரி, அலுமினியப் புரியைப் பிடுங்கிக்கொண்டு இறங்கும். உங்கள் கராஜில் ‘இறங்கிவிட்டது’ என்று சொன்ன அந்தக் கணத்தில்தான் புரி அறுந்திருக்கிறது.

இதன் மறுபக்கமும் உண்டு. குட்டைப் பிளக்குக்கு உரிய ஹெட்டில் நீளப் பிளக்கைப் பூட்டினால் புரியின் நுனி எரியறைக்குள் நீட்டிக்கொண்டு நிற்கும். அதன் மேல் கரி சுடப்பட்டு இறுகியபின் கழற்றும்போது, வெளியே வரும் வழியெல்லாம் ஹெட்டின் புரியை உரித்துக்கொண்டு வரும். சில எஞ்சின்களில் பிஸ்டனிலோ வால்விலோ முட்டவும் கூடும்.

மற்ற மூன்று துளைகளிலும் அதே கரி இருந்திருக்கும் என்பதை மறக்க வேண்டாம். எஞ்சினை ஓர் இரவு முழுதும் ஆறவிட்டு அந்த மூன்றையும் கழற்றிப் பார்த்து எழுதுங்கள். அலுமினியம் உருக்கைவிட ஏறத்தாழ இருமடங்கு விரியும் உலோகம் என்பதாலும், சூட்டில் அது மென்மையாவதாலும், சூடான ஹெட்டில் பிளக்கைத் தொடவே கூடாது.

செங்கலடி லேத்

ஹெட்டைக் கழற்றி என்னிடம் கொண்டுவாருங்கள், தம்பி. 18 மி.மீ. விட்டம், 1.5 மி.மீ. புரியிடை என்ற அளவில் துளையைப் பெருப்பித்து, உள்ளே பிளக்கின் அளவான 14க்கு 1.25 புரி வெட்டிய புஷ் ஒன்றை, அதாவது வெளியேயும் உள்ளேயும் புரியுள்ள உலோகக் குழாயை, கடைந்து இறுக்கித் தருகிறேன். இருபத்தைந்து வருடமாக இந்த வேலையைச் செய்கிறேன். பீட்டில், லான்சர், தண்ணீர் பம்ப் என்று எனக்கு வராத ஹெட் இல்லை. புதுப் புரியாக நிற்கும்படி துளைக்குள் கம்பிச் சுருள் போடுவதை நான் விரும்புவதில்லை. பிளக்கோடு சேர்ந்து சுருளும் வெளியே வந்துவிட்டது என்று என்னிடம் வந்தவர்கள் பலர்.

அக்கரைப்பற்றுக் காக்கா

அஸ்ஸலாமு அலைக்கும். நான் போட் எஞ்சின் திருத்துபவன். மண்ணெண்ணெயில் ஓடும் டூ ஸ்ட்ரோக் எஞ்சினில் பிளக் அடிக்கடி கரி பிடிக்கும். கடலுக்குள் வைத்தே மீனவர்கள் கழற்றித் துடைத்துப் பூட்டுவார்கள். அலை ஆட்டத்தில் அது நேராகப் போகிறதா, கோணலாகப் போகிறதா என்று எவருக்கும் தெரியாது. அதனால் புரி போன ஹெட் எனக்கு வாராவாரம் வரும் விருந்தாளி. நான் ஹெலிகொயில் எனப்படும் அந்தக் கம்பிச் சுருளைத்தான் போடுகிறேன். ஒழுங்காகப் போட்டால் அது வெளியே வருவதில்லை. லேத் அண்ணனிடம் வந்தவை, ஹெட்டைக் கழற்றாமல் குனிந்து நின்று கைக்கணக்கில் போட்டவையாக இருக்கும்.

சுருள் குறுக்குவெட்டில் வைர வடிவமுள்ள துருவுறா உருக்குக் கம்பியால் ஆனது. அதற்கென்று தனி டெப் (புரி வெட்டும் கருவி) உண்டு. 14க்கு 1.25 சுருளுக்கான டெப் வெளிவிட்டத்தில் ஏறத்தாழ 15.6 மி.மீ. இருக்கும். அதாவது துளையின் சுவரில் பக்கத்துக்கு 0.8 மி.மீ. மட்டுமே கூடுதலாகப் போகிறது; 18 மி.மீ. புஷ்ஷுக்குப் பக்கத்துக்கு 2 மி.மீ. போய்விடும். பிளக் துளைக்கும் வால்வு இருக்கைக்கும் (வால்வு மூடும்போது படியும் இடம்) இடையில் எத்தனை மி.மீ. அலுமினியம் இருக்கிறது என்பதைப் பார்த்துவிட்டுத்தான் 18ஐப் பற்றிப் பேச வேண்டும்.

செங்கலடி லேத்

காக்கா சொல்வதில் நியாயம் உண்டு. வால்வுப் பக்கம் மெலிந்த ஹெட்டுகளில் நான் 16 மி.மீ. அளவில் மெல்லிய புஷ் போட்டிருக்கிறேன். ஆனால் இறுக்கிப் போட்ட புஷ் ஆயுள் முழுவதும் அசையாது என்பதே என் அனுபவம்.

ஓய்வுபெற்ற போதனாசிரியர், மட்டக்களப்பு

அசையாது என்பதைக் கணக்கு முழுமையாக ஒத்துக்கொள்ளவில்லை, நண்பரே. ஒரு பாகை செல்சியஸ் சூடேறும்போது ஒரு மீட்டர் அலுமினியம் ஏறத்தாழ 23 மைக்ரோமீட்டர் நீளும். சாதாரண உருக்கு 12, துருவுறா உருக்கு 17, பித்தளை 19. உங்கள் 18 மி.மீ. துளை 150 பாகை சூடேறினால் அலுமினியம் 0.062 மி.மீ. விரியும், உருக்குப் புஷ் 0.032 மி.மீ.தான் விரியும். இடையில் 0.03 மி.மீ. தளர்வு வருகிறது. ஆறும்போது அது இறுகும்; மறுநாள் மீண்டும் தளரும். சாதாரணப் புரிப் பசைகள் 150 பாகையளவில் பிடியை இழந்துவிடுகின்றன. உயர் வெப்பத்துக்கென்று விற்கப்படும் வகையைத்தான் பூச வேண்டும்.

தளர்ந்த புஷ்ஷின் ஆபத்து அது கழன்று வருவதில் மட்டும் இல்லை. பிளக் வாங்கும் வெப்பத்தின் பெரும்பகுதி அதன் புரி வழியாகவும் வொஷர் வழியாகவும்தான் ஹெட்டுக்குப் போய்த் தண்ணீரில் கலக்கிறது. அந்த வழியில் இடைவெளி விழுந்தால் பிளக்கின் நுனி பழுத்துப்போய், பொறி வருவதற்கு முன்னரே எரிபொருளைப் பற்றவைக்கத் தொடங்கும். பிஸ்டனில் ஓட்டை விழுவது இப்படித்தான். ஆகவே புஷ் போடுவதாயின் மேலே தோள் (அகன்ற விளிம்பு) விட்டுக் கடைந்து, அந்தத் தோள் ஹெட்டின் முகத்தில் முழுமையாகப் படியும்படி செய்ய வேண்டும். தொழிற்சாலையிலிருந்து வரும் தோளுள்ள புஷ்களில், பூட்டும் கருவியே கடைசிப் புரிகளை வெளிநோக்கி நசுக்கி அலுமினியத்தில் கடிக்கச் செய்கிறது. அவை கிடைத்தால் அவற்றுக்குத்தான் என் முதல் வாக்கு. எங்கள் பக்கம் கேட்டவுடன் கிடைப்பதில்லை.

செங்கலடி லேத்

தோள் விட்டுத்தான் கடைகிறேன், ஐயா. உருக்கிலும் அல்ல, பித்தளையில். ஆனால் 0.03 என்ற கணக்கை இதுவரை எவரும் எனக்குப் போட்டுக் காட்டியதில்லை. தோள் விடாமல் போட்ட ஒரு பம்ப் ஹெட் திரும்பி வந்ததன் காரணம் இப்போது விளங்குகிறது.

கல்லடிக் கரையான்

மற்ற மூன்று பிளக்குகளையும் காலையில் கழற்றினேன். 1உம் 2உம் கையாலேயே வந்தன. 3ஆவது பிளக் கிறீச்சிட்டுக்கொண்டு வந்தது. அதன் நுனிப் புரிகளில் கரித்தூள் அடைந்திருக்கிறது, அலுமினியம் ஒட்டவில்லை. அறுந்த 4ஆம் துளைக்குள் டோர்ச் அடித்துப் பார்த்தபோது, வெளிவாயிலிலிருந்து உள்ளே ஏறத்தாழ முக்கால்வாசிக்குப் புரி இல்லை. அடியில் மூன்று நான்கு புரிகள் நசுங்கிய நிலையில் நிற்கின்றன. ஹெட்டைக் கழற்றாமல் இந்த வேலையைச் செய்ய வழியில்லையா? கெஸ்கட் செலவையும், ஹெட்டை எடுத்தால் வேறு ஏதாவது கிளம்புமோ என்ற பயத்தையும் மறைக்காமல் சொல்கிறேன். 2020 மார்ச்சில் வாகன இறக்குமதி நிறுத்தப்பட்ட பிறகு இந்தப் பழைய கொரொல்லாக்களுக்கு ஏறிய மதிப்பு உங்களுக்குத் தெரியும். கெடுத்துவிட்டால் இன்னொன்று வாங்கும் நிலையில் நான் இல்லை.

அக்கரைப்பற்றுக் காக்கா

கழற்றாமலும் செய்யலாம், தம்பி. பிளக் துளைக்கென்றே வரும் கூட்டு டெப் ஒன்று உண்டு. அதன் முன்பகுதி 14 மி.மீ. புரியோடும், பின்பகுதி பெரிய புரியோடும் இருக்கும். முன்பகுதி துளையில் எஞ்சிய புரியைப் பிடித்து வழிகாட்ட, பின்பகுதி நேராக இறங்கி வெட்டும். தனியாகத் துளைபோட வேண்டியதில்லை. டெப்பின் பள்ளங்களில் கிறீஸை அப்பி, அரைச் சுற்று முன்னே, கால் சுற்றுப் பின்னே என்று போய், இரண்டு சுற்றுக்கு ஒரு முறை வெளியே எடுத்துத் துடைத்துப் புதுக் கிறீஸ் அப்பினால் சீவல்களில் அதிகமானவை கிறீஸோடு வந்துவிடும். பிஸ்டனைக் கீழே இறக்கி வைத்துக்கொள்ளுங்கள். இல்லாவிட்டால் டெப்பின் நுனி அதில் முட்டும். வேலை முடிந்ததும் மெல்லிய குழாயை உள்ளே விட்டு உறிஞ்சி எடுத்து, அதன் பின்னர் எக்ஸோஸ்ட் வால்வு திறந்திருக்கும் நிலைக்குத் திருப்பி, கொம்பிரசர் காற்றை ஊதுங்கள்.

ஓய்வுபெற்ற போதனாசிரியர், மட்டக்களப்பு

காக்கா சொன்ன முறை சரியானதே. ஆனால் இந்த எஞ்சினுக்கு நான் அதைப் பரிந்துரைக்க மாட்டேன். வழிகாட்டுவதற்கு அடியில் மூன்று நசுங்கிய புரிகளே இருக்கின்றன. 4ஆம் துளை பின்சுவருக்கு அருகில் இருப்பதால் டெப் நிமிர்ந்து நிற்கிறதா என்று இரண்டு பக்கத்திலிருந்தும் பார்க்கவும் இடமில்லை. துளை ஒரு பாகை சாய்ந்தாலும் பிளக்கின் வொஷர் ஒரு பக்கம்தான் படியும். மறுபக்கம் எரியறையின் வாயு கசியும். சுருள் நல்லதா, புஷ் நல்லதா என்று இத்தனை நேரம் பேசினோம். என்னைக் கேட்டால், எதைப் போட்டாலும் துளை நேராகவும் முகம் சமதளமாகவும் இருந்தால் நிற்கும். இல்லாவிட்டால் எதுவும் நிற்காது.

ஹெட்டைக் கழற்றும் பயத்தைப் பொறுத்தவரை, 4கேயில் கெம் தண்டு புளொக்குக்குள் இருக்கிறது. வால்வுகளைத் தள்ளுகோல்கள்தான் இயக்குகின்றன. ஆகவே ஹெட்டை எடுத்தால் டைமிங் செயின் எதுவும் குழம்பாது. தள்ளுகோல்களை வரிசை மாறாமல் ஓர் அட்டையில் துளையிட்டுக் குத்தி வையுங்கள். ஆணிகளை ஒரே மூச்சில் கழற்றாமல், ஓரங்களிலிருந்து நடு நோக்கிச் சிறிது சிறிதாகத் தளர்த்துங்கள். பூட்டும்போது நடுவிலிருந்து ஓரம் நோக்கி, மூன்று தடவைகளாக, கையேட்டு அளவுக்கு இறுக்கி, வால்வு இடைவெளியைச் சரிசெய்யுங்கள். ஹெட் மேசைக்கு வந்துவிட்டால் பிளக் துளைக்கும் வால்வு இருக்கைக்கும் இடையில் வெடிப்பு இருக்கிறதா என்று பார்க்கலாம். நேர்கோல் வைத்து வளைவையும் பார்க்கலாம். வெடிப்பு இருந்தால் மட்டும் ஆர்கன் வெல்டிங். வெறும் புரிக்காக ஹெட்டை அவ்வளவு சூடாக்குவது நல்ல முகத்தை வளைத்துக்கொள்ளும் வேலை.

கல்லடிக் கரையான்

மன்னிக்க வேண்டும், பத்து நாட்களாக எழுத முடியவில்லை. ஹெட்டைக் கழற்றி, செங்கலடிக்குக் கொண்டுபோய், வேலையை முடித்துவிட்டேன்.

வெடிப்பு இல்லை. வால்வு இருக்கைப் பக்கத்தில் சுவர் மெலிவாக இருந்ததால் லேத் அண்ணனே 18 மி.மீ. வேண்டாம் என்று சொல்லிவிட்டார். காக்கா பேருந்தில் அனுப்பிவைத்த சுருள் பெட்டியைக் கொண்டு, துளையிடும் இயந்திரத்தின் மேசையில் ஹெட்டைச் சாய்த்து, பிளக் முகம் மட்டமாக வரும்வரை அடியில் தகடுகளை வைத்துப் பூட்டினார். மட்டம் பார்ப்பதற்கு மட்டும் முக்கால் மணித்தியாலம் சென்றது. வெட்டுவதற்குப் பத்து நிமிடம். டெப்பை இயந்திரத்தின் தலையில் பிடிக்கவைத்து, மோட்டாரைப் போடாமல் கையால் திருப்பினார். துளையைப் பெற்றோலால் கழுவி உலர்த்தி, சுருளின் வெளிப்புறத்தில் உயர் வெப்பப் பசையை ஒரு துளி மட்டும் தடவி, மேல்முகத்திலிருந்து அரைச் சுற்று உள்ளே நிற்கும்படி திருப்பி இறக்கினார். சுருளைத் திருப்புவதற்காக அதன் அடியில் இருந்த வாலை உள்ளேயிருந்து நீள்மூக்குக் குறட்டால் முறித்து எடுத்து, அந்தத் துண்டை என் கையில் தந்து, ‘இது உள்ளே விழுந்திருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று நினைத்துப்பாருங்கள்’ என்றார். ஹெட்டைக் கழற்றியது நல்லது என்று அப்போது உணர்ந்தேன்.

மற்ற மூன்று துளைகளுக்கும் புதிய கருவி தேவைப்படவில்லை. பழைய நீளப் பிளக் ஒன்றின் புரியில் நெடுக்காக மூன்று வெட்டுகளை இரும்பு வாளால் போட்டு, பிசிறுகளை அரத்தால் எடுத்து, கிறீஸ் பூசித் திருப்பியபோது அடியில் இருந்த கரி முழுவதும் அந்த வெட்டுகளில் சேர்ந்து வந்தது.

அக்கரைப்பற்றுக் காக்கா

மாஷா அல்லாஹ். பூட்டும்போது பிளக் புரியில் செம்புக் கிறீஸ் கொஞ்சம் தடவினீர்களா? உப்புக்காற்று ஊரில் அது இல்லாமல் நான் பிளக் பூட்டுவதில்லை.

ஓய்வுபெற்ற போதனாசிரியர், மட்டக்களப்பு

இந்த இடத்தில் காக்காவோடு நான் உடன்படவில்லை. என்.ஜி.கே. பிளக்குகளின் உலோக உடலுக்குத் தொழிற்சாலையிலேயே பூச்சு உண்டு; அவற்றுக்குக் கிறீஸ் வேண்டாம் என்பது அந்த நிறுவனத்தின் அறிவுறுத்தல். வழுக்கும் புரியில் அதே முறுக்கு விசை கூடுதலாக இழுக்கும். அதனால் புரி மீண்டும் அறுபட வழியுண்டு. அலுமினிய ஹெட்டில் வொஷருள்ள 14 மி.மீ. பிளக்குக்கு உலர்ந்த நிலையில் 25 முதல் 30 நியூட்டன் மீட்டர் போதும். டோர்க் ஸ்பனர் இல்லாதவர்கள், புதிய பிளக்கை வொஷர் படியும்வரை கையால் திருப்பி, அதன்பின் ஸ்பனரால் அரைச் சுற்றுத் திருப்பினால் போதும். ஏற்கெனவே நசுங்கிய வொஷருள்ள பழைய பிளக்குக்குப் பன்னிரண்டில் ஒரு பங்கு சுற்று, அதாவது மணிக்கூட்டின் சிறிய முள் ஒரு மணித்தியாலத்துக்கு நகரும் தூரம்.

அக்கரைப்பற்றுக் காக்கா

கடலில் ஓடும் எஞ்சினுக்குக் கிறீஸ் இல்லாமல் ஒரு மாரி காலம் ஓட்டிப்பாருங்கள், ஐயா. அதன் பிறகு பேசுவோம். முறுக்கைக் குறைத்துக்கொள்ள வேண்டும் என்பதை மட்டும் ஏற்றுக்கொள்கிறேன்.

கல்லடிக் கரையான்

நான் கிறீஸ் பூசவில்லை, 25இல் நிறுத்திக்கொண்டேன். பிளக்கின் பீங்கான் தலையில் ஒரு சாண் பெற்றோல் குழாயைச் செருகி, அந்தக் குழாயைப் பிடித்துத்தான் முதல் சுற்றுகளைத் திருப்பினேன். கோணலாகப் பிடித்தால் பிளக் சுற்றாமல் குழாய் வழுக்கிவிடுகிறது. கழற்றுவதற்கு முன்னர் பிளக்கடியில் தேங்கிய மணலைச் சைக்கிள் பம்பால் ஊதிவிடுவதையும் வழக்கமாக்கிக்கொண்டேன். கல்லடியில் பொனட்டைத் திறந்தாலே கடற்கரை உள்ளே இருக்கிறது.

நேற்றுவரை 640 கி.மீ. ஓடியிருக்கிறது. இன்று காலை எஞ்சின் ஆறியிருந்தபோது 4ஆவதைக் கழற்றிப் பார்த்தேன். சுருள் இருந்த இடத்திலேயே இருக்கிறது. பீங்கான் நுனி வெளிர்மண் நிறம். வொஷரைச் சுற்றிச் சவர்க்காரத் தண்ணீர் விட்டு எஞ்சினை ஓடவிட்டதில் குமிழி எதுவும் எழவில்லை.

மூன்றுசில்லு ஓட்டுநர், களுவாஞ்சிக்குடி

அண்ணன், சுருள் பெட்டி இப்போது யாரிடம் இருக்கிறது? எனது புரி மீண்டும் ஆட்டம் காட்டுகிறது. நாளைக்கே செங்கலடிக்கு ஓட்டிக்கொண்டு வந்தால் ஒரு மணித்தியாலத்தில் முடியுமா?

செங்கலடி லேத்

பெட்டி என்னிடம்தான் இருக்கிறது, தம்பி. டூ ஸ்ட்ரோக் என்றால் வால்வும் இல்லை, தள்ளுகோலும் இல்லை. நட்டுகளைக் கழற்றினால் ஹெட் கையில் வந்துவிடும். சீவல் உள்ளே போனால் ரிங்கையும் போரையும் கீறிவிடும் என்பதால் அதைக் கழற்றாமல் நான் தொடமாட்டேன். ஆனால் களுவாஞ்சிக்குடியிலிருந்து சூடாக வரும் எஞ்சினில் பிளக்கில் கை வைக்க மாட்டேன். மாலையில் கொண்டுவந்து வண்டியை இங்கே விட்டுவிட்டுப் பேருந்தில் போங்கள், காலையில் கழற்றுவோம்.